இருபத்து மூன்றாம் எழுத்து

இருபத்தொன்பது ஆண்டுகள் நான் கோடுகளை அழித்துச் சம்பளம் வாங்கினேன். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஏழு பேருக்கும் இதற்குள் அந்த வேலை கைவந்திருக்கும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை எத்தனையோ வாகன ஆலைகளில் இரும்பிலும் அலுமினியத்திலும் எண்களைப் பொறிக்கிறார்கள். அந்த எண்களைக் கேமரா பிழையில்லாமல் படிக்க வேண்டும். கடைசல் இயந்திரம் ஓடிய தடம் உலோகத்தின் மேல் மெல்லிய கோடுகளாக நிற்கும். முதலில் கோடுகளை அழிப்போம், பிறகு ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிப் பெட்டியாக வெட்டுவோம், பிறகுதான் படிப்போம். இந்த மூன்று படிகளை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு இதைச் சொன்னவர் அப்போதைய பிரிவுத் தலைவர். நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு ஒரு தடக் கோட்டை என் கேமரா ‘1’ என்று படித்துவிட்டது. ஆலையில் ஓர் உற்பத்தி லைன் நான்கு மணி நேரம் நின்றது. அவர் திட்டவில்லை. வந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பின்னணிய மொதல்ல கொல்லுப்பா. உனக்கு வேலை எழுத்தோட மட்டும்தான்” என்றார். அதற்குப் பிறகு அந்தக் காரணத்தால் என் கேமரா ஒரு முறைகூட ஒரு லைனை நிறுத்தவில்லை. அவர் சொன்னது அவ்வளவு சரி. அது எந்த இடத்தில் சரியில்லாமல் போகும் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. அந்த இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது பணியின் கடைசி ஆண்டில். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் அலுவலகத்தில் ஸ்டெல்லா என்று ஒரு பொறியாளர் இருக்கிறார், உங்களுக்குத் தெரியும். அவர் குன்றத்தூரில் குடியிருக்கிறார். அங்கே ஒரு வழக்கறிஞர் வீட்டுத் தகரப் பெட்டியில் மூன்று நோட்டுப் புத்தகங்களும் ஓர் அச்சுப் புத்தகமும் கிடைத்தன. நோட்டுகள் முழுக்கப் பென்சிலால் எழுதிய சுருக்கெழுத்து. இன்று தட்டச்சுப் பள்ளிகளில் சொல்லித்தரும் முறை அல்ல அது. வெகு காலத்துக்கு முன்பு தமிழுக்கென்றே யாரோ உருவாக்கி, சில அலுவலகங்களில் மட்டும் புழங்கி, நின்றுபோன ஒன்று. அச்சுப் புத்தகம் அதன் பாடநூல். முப்பத்தெட்டுப் பக்கங்களில் ஏழு பக்கங்கள் இல்லை. எழுத்துகளின் அட்டவணை மட்டும் முழுதாக இருந்தது.

உலகத்தில் உள்ள எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் ஓர் எண். அந்த எண் இருப்பதால்தான் நீங்கள் இங்கே அடிக்கும் ‘அ’ வேறு தேசத்தில் உள்ள கைப்பேசியிலும் ‘அ’வாகத் தெரிகிறது. வழக்கொழிந்த எழுத்துமுறைகளுக்கும் அதில் இடம் உண்டு. சான்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஸ்டெல்லா இந்தச் சுருக்கெழுத்துக்கு இடம் கேட்டு விண்ணப்பித்தார். முதலாளி அனுமதி கொடுத்தார். என்னைத் துணைக்குப் போட்டார். எண்ணிச் சொல்வதற்கு ஆள் வேண்டும் என்றால் இந்த அலுவலகத்தில் என்னைத்தான் கைகாட்டுவார்கள்.

அந்தப் பட்டியலின் விதி ஒன்றைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு முறை ஓர் எழுத்துக்கு எண் கொடுத்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். தவறாகக் கொடுத்திருந்தாலும் எடுக்க மாட்டார்கள். நாம் பொறிக்கும் எண்கள் வண்டி துருப்பிடிக்கும் வரை இருக்கும். இது அப்படி இல்லை. நாங்கள் செத்து, இந்த ஆலைகள் இருந்த இடம் தெரியாமல் போன பிறகும் அந்த எண் அந்த எழுத்துக்குத்தான். கை நடுங்காமல் செய்ய வேண்டிய வேலை என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே தவறு செய்தேன்.

சிக்கல் இதுதான். அட்டவணையில் இருபத்திரண்டாம் எழுத்தும் இருபத்து மூன்றாம் எழுத்தும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. வினைச்சொல்லின் கடைசியில் வரும் ஒரு சிறு கொக்கி. முதலாவதற்கு எதிரே ‘செய்தது’ என்றும், இரண்டாவதற்கு எதிரே ‘செய்யாதது’ என்றும் இருந்தது. பட்டியல் குழு எழுதிக் கேட்டது: இரண்டும் ஒரே வடிவமாக இருக்கின்றனவே, வேறுபாட்டுக்குச் சான்று உண்டா, இல்லையென்றால் ஒன்றை நீக்கிவிடலாமா?

நான் எண்ணினேன். மூன்று நோட்டுகளையும் படமெடுத்து, நம் வழக்கப்படி சுத்தம் செய்து, கொக்கிகளை வெட்டியெடுத்தோம். மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். வளைவு, நீளம், அழுத்தம் மூன்றிலும் இரண்டு கூட்டமாகப் பிரியவே இல்லை. ஒரே எழுத்து.

“அச்சுப்பிழை” என்றேன்.

“எதை வெச்சு சார் சொல்றீங்க?” என்றார் ஸ்டெல்லா.

“ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறை வெச்சு.”

“செஞ்சேன்கிறதுக்கும் செய்யலங்கிறதுக்கும் ஒரே எழுத்தா எவனாவது வைப்பானா சார்? அப்புறம் எப்படிப் படிப்பான்?”

“இடம் பார்த்துப் படிச்சிருப்பான். சுருக்கெழுத்துன்னாலே அப்படித்தான்.”

“நீங்க சொன்னா சரி” என்றார். அப்படிச் சொன்னால் அவருக்குச் சரியில்லை என்று பொருள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் குழுவுக்கு எழுதி அனுப்பினேன்: ‘வேறுபாடு பூஜ்யம். இருபத்து மூன்றை நீக்கலாம்.’ கையெழுத்து என்னுடையது. மறுப்பு ஏதும் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கச் சொன்னார்கள். அத்துடன் அந்த ஆண்டுக்கான பட்டியல் மூடப்படும்.

வனஜா வந்தது புதன்கிழமை.

அவர் ஒரகடத்தில் ஓர் உதிரிபாக ஆலையில் ஆய்வுப் பிரிவில் வேலை செய்பவர். அங்கே நம் கேமரா இருப்பதால் ஸ்டெல்லாவுக்குப் பழக்கம். நோட்டில் வரும் ஊர்ப் பெயரை ஸ்டெல்லா ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்ல, அது வல்லக்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் தன் ஊர் என்று வனஜா சொல்லியிருக்கிறார். விஷயம் இன்னதென்று ஸ்டெல்லா சொன்னதும் அந்தப் பேச்சை விட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாராம்.

நோட்டுகளில் இருந்தது ஒரு விசாரணை. ஒரு மழைக்காலத்தில் அந்த ஊர் ஏரியின் மதகு திறக்கப்பட்டு, கீழ்ப்பக்கத் தெருக்களில் வெள்ளம் புகுந்து, ஆறு பேர் போய்விட்டார்கள். ஒன்பது பேரை விசாரித்திருக்கிறார்கள். ஒன்பதாமவர் மதகுக் காவல்காரர். அவர் வனஜாவின் தாத்தாவுக்கு அப்பா. ‘உத்தரவின்றித் திறந்ததாக ஒப்புக்கொண்டார்’ என்று அந்த விசாரணையின் அச்சான அறிக்கை சொல்கிறது; அதன் நகல் எங்களிடம் இருந்தது. வேலை போனது. அது போகட்டும். கெட்ட பெயர் போகவில்லை.

“நாலு தலைமுறையா சார்” என்றார் வனஜா, உட்காராமலே. காலை ஷிப்ட் முடித்து, சீருடையோடு, ஷேர் ஆட்டோவில் வந்திருந்தார். “சண்டைன்னு வந்தா மொத வார்த்தை அதான். ‘கேக்காம தொறந்துவுட்டவன் வூடுதானே’ன்னுவாங்க. ஸ்கூல்ல என் பொண்ணையே ஒருத்தி சொல்லிக்கீறா. எங்கப்பா எழுவத்தாறு வயசு. இன்னிக்கும் ஏரிக்கரைப் பக்கம் போவ மாட்டாரு. அந்த நோட்டுல அவரு இன்னாதான் சொன்னாருன்னு தெரிஞ்சா போதும். தொறந்தாருன்னா தொறந்தாருதான். அவரு வாயால சொன்னது தெரியணும்.”

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அந்த வாக்கியம் எங்களுக்குத் தெரியும். மூன்றாம் நோட்டு, நூற்றுப் பதினோராம் பக்கம், ஏழாம் வரி. உத்தரவு, இல்லாமல், திற, கடைசியில் கொக்கி. கொக்கியைச் ‘செய்தது’ என்று படித்தால், ‘உத்தரவு இல்லாமல் திறந்தேன்.’ ‘செய்யாதது’ என்று படித்தால், ‘உத்தரவு இல்லாமல் திறக்கவில்லை’, அதாவது உத்தரவு வந்த பிறகே திறந்தேன். இடம் பார்த்துப் படிக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேனே, அந்த இடத்தில் இரண்டும் பொருந்தும். ஒரு மனிதனின் வாக்குமூலம் அந்தக் கொக்கியில் தொங்கியது. இரண்டும் ஒரே எழுத்துதான் என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சொல்லிவிட்டேன். எண்ணிக்கையையும் சொன்னேன். வனஜா கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை.

“அப்ப, தெரியாதுன்னு சொல்றீங்க.”

“தெரிஞ்சுக்க வழியில்லை.”

“நோட்டையாவது பார்க்கலாமா சார்? தொட மாட்டேன்.”

நோட்டுகள் மறுநாள் வழக்கறிஞர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியவை. பெட்டியில் வைத்து நாடாவும் சுற்றியாயிற்று. நாடாவை அவிழ்க்க எனக்கு மனமில்லை. தாள் அப்பளம் போல் இருந்தது. ஒவ்வொரு முறை திறந்தபோதும் ஓரம் உதிர்ந்தது. எத்தனை துணுக்கு உதிர்ந்தது என்று ஓர் உறையில் சேர்த்துவைத்திருந்தேன். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஸ்டெல்லா கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

மேசையில் ஒரு புறம் முதல் நோட்டில் ஏதோ ஒரு பக்கம், மறுபுறம் கணினித் திரையில் கொக்கிகளை வட்டமிட்ட அதே பக்கத்தின் படம். வனஜா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து நோட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி நோட்டு.

“இன்னா சார், இதுல கோடு கீது. உங்க கம்ப்யூட்டர்ல கோட்டக் காணோம்?”

“அது நோட்டுல அச்சடிச்ச நீலக் கோடும்மா. பள்ளிக்கூட நோட்டுல இருக்குமே. நாங்க எடுத்துட்டோம்.”

“ஏன்?”

“எழுத்து தெளிவாத் தெரியணும்னு.”

அவர் இன்னும் குனிந்தார். மூச்சுக்காற்று தாளில் படுமோ என்று எனக்குக் கவலை.

“எங்க லைன்ல போல்ட்ட முறுக்குனதும் பெயின்ட் பேனாவால போல்ட்டுக்கும் பாடிக்கும் சேர்த்து ஒரு கோடு இழுப்போம் சார். அந்தக் கோடு ஒட்டி நின்னா ஓகே. ஒரு நூல் வெலகினாலும் போல்ட்டு லூசு, ரிஜெக்ட்டு. போல்ட்டப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. எல்லாம் ஒரே போல்ட்டுதான். கோட்டத்தான் பார்க்கணும்.” விரலை நீட்டி, தொடாமல், காற்றிலேயே காட்டினார். “இந்தக் கொக்கி கோட்டு மேல உக்காந்துகினு கீது. இது கோட்டத் தாண்டி கீழ போயிருக்கு. இது உக்காந்து. இது தாண்டி. உங்களுக்கு இது ரெண்டும் ஒண்ணா சார்?”

ஸ்டெல்லா, “ஐயோ” என்றார்.

நண்பர்களே, வடிவத்தில் வேறுபாடு இல்லை என்று நான் சொன்னது உண்மை. வேறுபாடு வடிவத்தில் இல்லை, நிற்கும் இடத்தில் இருந்தது. அந்த இடத்தைக் காட்டிய கோட்டை அழித்தவன் நான். அழித்ததோடு விடவில்லை. ஒவ்வொரு கொக்கியையும் தனிப் பெட்டியாக வெட்டி, எல்லாவற்றின் அடியும் ஒரே மட்டத்தில் வரும்படி அடுக்கிவிட்டுத்தான் எண்ண உட்கார்ந்தேன். வேறுபாட்டின் கடைசித் தடயத்தையும் என் கையாலேயே துடைத்துவிட்டு, வேறுபாடு பூஜ்யம் என்று எழுதிக்கொடுத்தேன். உலகத்தில் வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. ஒரு பள்ளிக்கூடப் பையன்கூட நோட்டைப் பார்த்திருப்பான். நான் படத்தைத்தான் பார்த்தேன்.

மூலப் படங்களையாவது திறக்கலாம் என்று தேடினால், அவையும் இல்லை. ஆலை வழக்கத்தில், சுத்தம் செய்த படம் தேறிவிட்டால் மூலப் படம் பதினைந்து நாளில் தானாக அழிந்துவிடும். நோட்டுக்கும் நாங்கள் அதே கோப்புறையைத்தான் பயன்படுத்தியிருந்தோம். ஆகவே அந்த மேசையில் இருந்த தாள்கள் மட்டுமே சான்று. அவை மறுநாள் காலை போக வேண்டும். வெள்ளிக்கிழமை பட்டியல் மூடும்.

ஸ்டெல்லா அப்போதே நூற்றுப் பதினோராம் பக்கத்தைத் திறக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். என் பணிக்காலத்தில் நான் ஒழுங்காகச் செய்த காரியங்களை எண்ணச் சொன்னால் இதை முதலில் எண்ணுவேன். மூன்று பேருக்கும் அந்தக் கொக்கி தாண்டியிருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஆசையோடு பார்த்தால் உட்கார்ந்திருப்பதும் தாண்டியதாகத் தெரியும். தாண்டினால் ‘செய்யாதது’ என்பதே இன்னும் ஊகம்தான். அட்டவணையில் அப்படி எழுதியில்லை. அதைச் சொல்லும் பக்கம் தொலைந்த ஏழில் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்பது சாட்சிகளும் தொடங்கும்போது ஒரே உறுதிமொழி எடுத்திருக்கிறார்கள். ‘மெய் சொல்வேன், பொய் சொல்ல மாட்டேன், எதையும் மறைக்க மாட்டேன்.’ அதன் வாசகம் அச்சான அறிக்கையில் இருக்கிறது. ஆளுக்கு மூன்று கொக்கி. ஒன்று செய்வது, இரண்டு செய்யாதது. மொத்தம் இருபத்தேழு. ஊகம் சரியென்றால் ஒன்பது உட்கார்ந்திருக்க வேண்டும், பதினெட்டு தாண்டியிருக்க வேண்டும். அதுவும் சரியான வரிசையில்.

வெள்ளை அட்டையில் ஒரு சிறு சதுரம் வெட்டினேன். பக்கத்தின் மேல் வைத்தால் ஒரு கொக்கியும் அதன் கோடும் மட்டும் தெரியும். வனஜாவுக்குச் சுருக்கெழுத்து தெரியாது. எந்தச் சொல், யார் பேச்சு, எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் கையில் ஒரு லென்ஸைக் கொடுத்தேன்.

“நான் காட்டுறதைப் பார்த்து உக்காந்துன்னோ தாண்டின்னோ சொல்லணும். சந்தேகமா இருந்தா சந்தேகம்னு சொல்லணும்” என்றேன்.

“ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து எரநூறு போல்ட்டு பாக்குறேன் சார்” என்று சிரித்தார். “இதுக்கு லென்ஸ் வேற குடுக்குறீங்க.”

நோட்டுகளை மாற்றி மாற்றி, வரிசையைக் கலைத்துக் காட்டினேன். ஸ்டெல்லா எழுதிக்கொண்டார்.

“தாண்டி. தாண்டி. உக்காந்து. தாண்டி. உக்காந்து. சார், கைய எடுங்க, நெழல் விழுது. தாண்டி.”

அந்த வேகம் எனக்கு அச்சமூட்டியது. ஒவ்வொரு விடையையும் என் மனத்திலிருந்த வாசகத்தோடு ஒப்பிட்டேன். பத்து சரி. பதினைந்து சரி. நம் கேமராக்கள் நூற்றில் ஒன்று தவறினால் நாம் கொண்டாடுவோம். இருபது சரி. எவனோ ஒரு சுருக்கெழுத்தாளன், மழைக்கால விசாரணையில், மனிதர்கள் பேசும் வேகத்துக்குப் பென்சிலை ஓட்டிக்கொண்டு, ஒவ்வொரு ‘செய்தேன்’-ஐயும் கோட்டின் மேல் உட்காரவைத்து, ஒவ்வொரு ‘செய்யவில்லை’-யையும் கோட்டைத் தாண்டி இறக்கியிருக்கிறான். ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டரை அவன் எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் பெயர்கூட நோட்டில் இல்லை. அந்தக் கையின் முன்னால் என் இருபத்தொன்பது ஆண்டுகளும் சிறியதாகத் தெரிந்தன.

இருபத்தொன்றுக்குப் பிறகு, வனஜாவிடம் சொல்லாமல், மூன்றாம் நோட்டின் நூற்றுப் பதினோராம் பக்கத்தைத் திருப்பினேன். ஏழாம் வரியின் மேல் அட்டையை வைத்தேன். ஸ்டெல்லாவின் பேனா நின்றுவிட்டது.

வனஜா லென்ஸை இறக்கினார், ஏற்றினார். சந்தேகம் என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். கண்ணை ஒரு முறை துடைத்துக்கொண்டார். வேலைக் களைப்புதான், அவருக்குத் தெரியாதே.

“தாண்டி” என்றார். “அடுத்தது?”

நான் அடுத்ததைக் காட்டினேன். அதைச் சேர்த்து மீதி ஆறையும் காட்டினேன். நடுவில் நிறுத்தினால் சோதனை கெட்டுவிடும். அந்த ஆறும் முடியும்வரை ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார். “இன்னா ஜலதோஷமா மேடம்?” என்று வனஜா கேட்டார்.

உறுதிமொழிக் கொக்கிகள் இருபத்தேழும் சரியாக இருந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை. தாண்டினால் ‘செய்யாதது.’ ஐயமில்லை.

பிறகுதான் அட்டையை எடுத்தேன். அந்த வரியை அவருக்குக் காட்டி, சொல் சொல்லாகப் படித்தேன். ‘உத்தரவு இல்லாமல் திறக்கவில்லை.’

வனஜா நாற்காலியை இழுத்து முதன்முறையாக உட்கார்ந்தார். அழவில்லை. கைப்பேசியை எடுத்தார், ஒலிபெருக்கியில் போட்டார்.

“அப்பா, நான்தான். அந்த நோட்டப் பார்த்துட்டேன். ‘உத்தரவு இல்லாம தொறக்கல’ன்னு சொல்லிக்கீறாரு.”

அந்தப் பக்கம் ஒரு மிக்சி ஓடி நின்றது.

“யாரு சொன்னது?”

“அவரேதான். அவரு சொல்லச் சொல்ல எழுதிவெச்சிக்கீறாங்க.”

இணைப்பு போய்விட்டதோ என்று வனஜா திரையைப் பார்த்தார்.

“அப்ப, உத்தரவு யாரு குடுத்தாங்கன்னு கேட்டாங்களா?”

வனஜா எங்களைப் பார்த்தார். ஸ்டெல்லா எட்டாம் வரியைப் படித்தார். அது அதிகாரியின் கேள்வி. ‘மதகுச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?’

“கேக்கலப்பா. சாவி யாராண்ட கீதுன்னு கேட்டாங்களாம்.”

“அது மட்டும் கேப்பாங்க” என்றார் அந்தப் பெரியவர்.

அறிக்கை ஏன் அப்படி எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியாது. படித்துச் சொன்னவன் தவறிப் படித்தானா, தெரிந்தே மாற்றினார்களா, நோட்டு சொல்லவில்லை. உத்தரவு கொடுத்தவர் பெயரும் அதில் இல்லை. ஆறு பேர் இறந்தது இறந்ததுதான். எங்களால் முடிந்தது அந்த மனிதர் சொன்ன வார்த்தையை அவர் சொன்னபடி வைப்பது மட்டும். அதற்கு அந்த எழுத்து பட்டியலில் தனியாக நிற்க வேண்டும். ஒன்றாகச் சேர்த்துவிட்டால், இனி அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்யும் ஒவ்வொருவரும் அவர் என்ன சொன்னார் என்று தெரியாமலேதான் தட்டச்சு செய்வார்கள்.

வழக்கறிஞர் வீட்டில் கெஞ்சி, நோட்டுகளைச் சனிக்கிழமை வரை வைத்துக்கொண்டோம். வியாழக்கிழமை முழுதும் கோடுகளோடு படமெடுத்தோம். மறுபடி எண்ணினேன். உட்கார்ந்தவை எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு. தாண்டியவை நானூற்றிரண்டு. பதினேழு மட்டும் சந்தேகம். தாள் மடிந்த இடங்கள். அதே ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு.

வெள்ளிக்கிழமை முற்பகல் குழுவுக்கு எழுத உட்கார்ந்தேன். இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ‘கூடுதல் சான்று கிடைத்துள்ளது’ என்று எழுதலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று ஒரு யோசனை வந்தது. பத்து மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவனுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் என் பழைய கடிதம் குழுவின் கோப்பில் இருக்கும். என்றாவது யாராவது அதைப் படித்து, இரண்டு எண்ணிக்கையில் எதை நம்புவது என்று குழம்புவார்கள். பாதியை மறைத்துத் திருத்தினால் அடுத்தவன் அதன் மேல்தான் கட்டுவான். இப்படி எழுதினேன்: ‘நான் எண்ணியது சரி. எண்ணுவதற்கு முன் கோடுகளை அழித்தது தவறு. இவ்வெழுத்தின் வேறுபாடு அக்கோட்டில் உள்ளது. என் முந்தைய கடிதத்தை முழுதும் திரும்பப் பெறுகிறேன்.’

ஸ்டெல்லா படித்துப் பார்த்தார். “கொஞ்சம் சாஃப்டா எழுதலாமே சார்?”

“வேண்டாம். அனுப்பு.”

“அனுப்பினப்புறம் மனசு மாறிட்டா?”

“அதுக்குத்தான் அனுப்புங்கிறேன்.”

பகல் பன்னிரண்டு பத்துக்கு அனுப்பினார். குழுவிலிருந்து பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. சிறிய பதில். சான்றை ஏற்கிறோம், இரண்டு எழுத்துகளும் இருக்கும், ஆனால் கோடில்லாத திரையில் இரண்டாவதை எப்படிக் காட்டுவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

நியாயமான கேள்வி. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உறைத்தது. கோடில்லாத திரை என்று ஒன்று கிடையாது. நீங்கள் படிக்கும் ஒவ்வோர் எழுத்தும், எந்த மொழியானாலும், கண்ணுக்குத் தெரியாத ஓர் அடிக்கோட்டின் மேல்தான் நிற்கிறது. எழுத்துருக்களை வரையும் எவரும் முதலில் அந்தக் கோட்டைத்தான் போடுவார்கள். நானே நூறு முறை போட்டிருக்கிறேன். தெரியாத கோடு என்பதால் மறந்தேன், தெரிந்த கோடு என்பதால் அழித்தேன். இருபத்திரண்டாம் எழுத்தை அடிக்கோட்டின் மேல் உட்காரவைத்தோம். இருபத்து மூன்றாம் எழுத்தை அதைத் தாண்டி இறக்கினோம். பட்டியலுக்கான படத்தில் மட்டும், பார்ப்பவருக்கு விளங்க, கோட்டைப் புள்ளிகளாகக் காட்டினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது, பின்னணியை அழிக்காதீர்கள் என்பதல்ல. அழியுங்கள், நாளைக்குக் காலை லைன் ஓட வேண்டுமே. ஆனால் எதை அழிக்கிறோம் என்று ஒரு முறை மூலத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். முடிந்தால் நம் வேலை தெரியாத ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அவர் முட்டாள்தனமாக ஏதோ கேட்பது போலத் தோன்றினால், பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்.

எண் வந்தது நான் ஓய்வு பெறுவதற்குப் பதினொரு நாள் முன்பு. அந்த எழுத்தால் முதன்முதலில் என்ன எழுதுவது என்று நாங்கள் பேசி முடிவு செய்யவே இல்லை. ஸ்டெல்லா வனஜாவுக்குப் போன் செய்தார், ஒரு சனிக்கிழமை பிற்பகல் வனஜா வந்தார். குறிக்கு ஒன்றாக அமைத்த நான்கு விசைகளை விசைப்பலகையில் காட்டினோம். உத்தரவு, இல்லாமல், திற. ஒற்றை விரலால் மூன்றையும் அடித்துவிட்டு, நான்காவதற்கு முன் நின்றார்.

“சார், அடிச்சப்புறம் யாராச்சும் அழிச்சா அழிஞ்சிடுமா?”

“இந்த வரியை அழிக்கலாம்மா. இந்த எழுத்தை இனி யாராலும் அழிக்க முடியாது.”

நான்காவது விசையை அழுத்தினார். கொக்கி அடிக்கோட்டைத் தாண்டி இறங்கி நின்றது.

கைப்பேசியில் படமெடுத்தார், பார்த்தார், திருப்தியில்லை. “அப்பாக்குக் கண்ணு சரியாத் தெரியாது சார். இத்த மட்டும் பெருசு பண்ணுங்க.”

எழுபத்திரண்டு அளவுக்குப் பெருக்கினேன்.

“இன்னும்.”

நூற்று நாற்பத்து நான்கு. இருநூற்று எண்பத்தெட்டு. மற்றச் சொற்கள் திரைக்கு வெளியே போயின. கறுத்த கொக்கி ஒன்று மட்டும், மேலிருந்து கீழ் வரை, திரை முழுவதும் நின்றது.

“இன்னும் பெருசா” என்றார் வனஜா.